தங்கைக்கு ஆன்டி டி.பி.ஓ 284 என்று வந்திருக்கிறது. இது தைராய்டு நோய்தானா?

பேரணாம்பட்டு அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவளுக்கு 26 வயது. அம்மா வீடு குடியாத்தம். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய், ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிற லைனில் வேலை பார்க்கிறாள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வருஷா வருஷம் ஊர்வலத்துக்கு முதல் ஆளாகக் கிளம்புகிறவள், இந்த முறை உள் அறையில் சுருண்டு படுத்திருந்தாள். கேட்டால் அசதி என்பதற்கு மேல் பேச்சில்லை. தலை சீவினால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. மாதவிலக்கு வந்தால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் போகிறது.

அப்புறம் கம்பெனியில் ஒரு தனியார் லேப் கேம்ப் போட்டு, முழு உடல் பரிசோதனை என்று எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். போனில் வந்த ரிப்போர்ட்டில் இரண்டு இடம் சிவப்பு. டி.எஸ்.எச் 6.2 (0.35 முதல் 4.94 வரை இருக்கலாமாம்). ஃப்ரீ டி4 0.98, அது சிவப்பில் இல்லை. ஆன்டி டி.பி.ஓ 284 (5.61-க்குள் இருக்க வேண்டுமாம்). அந்த லேப்புக்குப் போன் செய்தால், எடுத்தவர் "ஐம்பது மடங்கு அதிகம், ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். டாக்டர் யாரும் பேசவில்லை.

அவளுக்கு வாணியம்பாடியில் நிச்சயம் ஆகிவிட்டது, தையில் கல்யாணம். அம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. குழந்தை தங்குமா, மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று இதே பேச்சு. தெரு மெடிக்கலில் ரிப்போர்ட்டைக் காட்டினோம், 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை தருகிறேன், நாளையிலிருந்தே போடச் சொல்லுங்கள் என்றார். போடலாமா?

ஆரணி பட்டுக்கடை:

என் மனைவி ரொம்ப வருஷமாக தைராய்டு மாத்திரை போடுகிறாள், நன்றாக இருக்கிறாள். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை. தள்ளிப்போடாமல் இப்போதே ஆரம்பித்துவிட்டால் கல்யாணத்துக்குள் சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

தொரப்பாடி லேப்காரர்:

அம்மா, முதலில் உங்கள் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். இந்த ரிப்போர்ட்டில் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு எதுவும் இல்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பயோகெமிஸ்ட்ரி லேப்பில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. தைராய்டு சாம்பிள் பார்த்தே கண்ணாடி தடித்துப்போன ஆள் நான். விவரமாகவே சொல்கிறேன்.

ஆரணிக்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் மனைவிக்கு என்ன டி.எஸ்.எச் பார்த்து மாத்திரை தொடங்கினார்கள் என்பது வேறு கதை, உங்கள் தங்கை கதை வேறு. இப்போதைக்கு மாத்திரையை வாங்கவே வேண்டாம்.

தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறது என்று முடிவு செய்வது இரண்டு எண்களை வைத்துத்தான்: டி.எஸ்.எச், ஃப்ரீ டி4. ஆன்டி டி.பி.ஓ என்பது தைராய்டுக்கு எதிராக உடம்பே தயாரிக்கிற எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, அளக்கிற டெஸ்ட். அது அந்த முடிவைச் சொல்கிற டெஸ்ட் இல்லை. சுரப்பு குறைந்திருந்தால் எதனால் குறைந்தது, இனிமேல் குறைய வாய்ப்பு உண்டா என்பதைச் சொல்கிற டெஸ்ட். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

உங்கள் தங்கைக்கே புரிகிற மாதிரி சொல்கிறேன். கழுத்தில் இருக்கிற தைராய்டு, லைனில் தைக்கிற ஆள். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி, லைன் சூப்பர்வைசர். உற்பத்தி குறைகிற மாதிரி தெரிந்தால் சூப்பர்வைசர் குரலை உயர்த்துவார், அந்தக் குரல்தான் டி.எஸ்.எச். தைத்து வெளியே வருகிற சரக்கு, அதாவது தைராய்டு ஹார்மோன், ஃப்ரீ டி4. இவளுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, சரக்கு சரியாக வந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையை டாக்டர்கள் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்பார்கள். டி.எஸ்.எச் ஏறி, ஃப்ரீ டி4-ம் கீழே இறங்கினால்தான் முழுக் குறைபாடு. அப்போது மாத்திரை கட்டாயம். டி.எஸ்.எச் 10-ஐத் தாண்டினாலும் பெரும்பாலும் தொடங்கிவிடுவார்கள். 4.94-க்கும் 10-க்கும் நடுவில் இருந்தால், ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, கர்ப்பத் திட்டத்தைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மெடிக்கல் கடைக்காரர் செய்கிற முடிவு இல்லை அது.

அந்த "ஐம்பது மடங்கு" பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஒரு கம்பெனி மிஷினில் ஆன்டி டி.பி.ஓ எல்லை 5.61. இன்னொரு கம்பெனி மிஷினில் 34. வேறொன்றில் 60. ஒரே ரத்தத்தை மூன்றிலும் ஓட்டினால் மூன்று எண் வரும். எத்தனை மடங்கு என்ற கணக்கை வைத்து நோய் இவ்வளவு முற்றிவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆன்டிபாடி இருக்கிறதா, இருக்கிறது. அதோடு அந்த எண்ணை மடித்து வைத்துவிடலாம். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் குறைகிறதா என்று பார்ப்பதும் வீண் செலவு. மாத்திரையின் அளவை மாற்றுவது டி.எஸ்.எச் பார்த்துத்தான், ஆன்டிபாடி பார்த்து இல்லை.

இந்த ஆன்டிபாடி ஏன் வருகிறது என்றும் கேட்பீர்கள். டி.பி.ஓ என்பது தைராய்டு செல்லுக்குள் இருக்கிற ஒரு என்சைம். அயோடினைக் கோத்து ஹார்மோன் செய்கிற வேலை அதனுடையது. நம் உடம்பின் காவல் படையே அதை அந்நியன் என்று எண்ணி ஆன்டிபாடி தயாரிக்கிறது. 1912-ல் ஜப்பானில் ஹகரு ஹாஷிமோட்டோ என்ற இளம் டாக்டர், வீங்கிய தைராய்டு எடுக்கப்பட்ட 4 பெண்களின் திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சுரப்பி முழுக்க வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக நிறைந்திருந்தன. அதை ஜெர்மன் மொழியில் கட்டுரையாக எழுதினார். சில வருஷத்தில் ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய் ஊர் டாக்டராகவே வாழ்ந்து, 1934-ல் டைபாய்டில் இறந்துபோனார். அந்த வெள்ளை அணுக்கள் அங்கே என்ன செய்கின்றன என்பதற்கு விடை கிடைத்தது 1956-ல். லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட், பீட்டர் கேம்ப்பெல் மூவரும் ஹாஷிமோட்டோ நோயாளியின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) தைராய்டுச் சாற்றையும் சேர்த்தார்கள், படிவு விழுந்தது. உடம்பு தன் சுரப்பியையே எதிர்க்கிறது என்பது அப்போதுதான் கையில் பிடித்த மாதிரி தெரிந்தது. எனக்கு எப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிற சோதனை அது.

சரி, ஆன்டிபாடி உள்ள எல்லோருக்கும் நோய் வருமா? வராது. நம் நாட்டில் சென்னை உட்பட 8 நகரங்களில் எடுத்த ஆய்வு 2013-ல் வந்தது. ஹைப்போதைராய்டிசம், அதாவது தைராய்டு சுரப்புக் குறைவு, இருந்தவர்கள் 100-க்கு சுமார் 11 பேர். ஆன்டி டி.பி.ஓ இருந்தவர்கள் 100-க்கு சுமார் 22 பேர். ஆன்டிபாடி இருந்தும் சுரப்பு சரியாக இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று இதிலிருந்தே தெரிகிறதே. உங்கள் தங்கையின் லைனில் இருக்கிற எல்லோருக்கும் எடுத்தால் இன்னும் சிலருக்கு வரும், அவர்கள் ஓடியாடி வேலை செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் 1972-ல் தொடங்கி மக்களைப் பரிசோதித்து, 20 வருஷம் கழித்து அதே ஆட்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். டி.எஸ்.எச் ஏற்றம், ஆன்டிபாடி இரண்டும் இருந்த பெண்களில் வருஷத்துக்கு 100-க்கு 4 பேர் போல முழுக் குறைபாட்டுக்குப் போனார்கள். ஆன்டிபாடி மட்டும் இருந்தவர்களில் 2 பேர் போல. ஆக, இவளுக்கு வருஷாவருஷம் ஒரு டெஸ்ட் அவசியம். ஆனால் இன்றைக்கே ஆயுள் தண்டனை எழுதுகிற விஷயம் இல்லை.

இப்போது எனக்குச் சில விவரம் வேண்டும். ரத்தம் எடுப்பதற்கு முன் அவளுக்குக் காய்ச்சல் ஏதாவது வந்ததா? எந்த நேரத்தில் எடுத்தார்கள்? வேறு மாத்திரை, டானிக் ஏதாவது சாப்பிடுகிறாளா? ஹீமோகுளோபின் எவ்வளவு? அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கும், பாருங்கள்.

பேரணாம்பட்டு அக்கா:

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அம்மாவுக்கு அப்படியே போனில் வாசித்துக் காட்டினேன்.

தங்கையிடம் கேட்டேன். கேம்ப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் நல்ல காய்ச்சல், லீவு போட்டு வீட்டில் இருந்திருக்கிறாள். ரத்தம் எடுத்தது ஷிஃப்ட் முடிகிற நேரம், சாயங்காலம். முடி கொட்டுவதற்கு ஆன்லைனில் ஏதோ கம்மி மிட்டாய் வாங்கித் தின்கிறாள், டப்பாவில் பயோட்டின் என்று போட்டிருக்கிறது. ஹீமோகுளோபின் 9.1. அதுவும் சிவப்பில்தான் இருந்திருக்கிறது, தைராய்டு பயத்தில் யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

தொரப்பாடி லேப்காரர்:

அந்த 9.1-தான் நான் தேடிய எண். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அசதி, முடி உதிர்வு இரண்டுக்கும் இதுவே போதுமான காரணம். டாக்டரிடம் முதலில் இதைக் காட்டுங்கள், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டுகிற டெஸ்ட்) பார்க்கலாமா என்றும் கேளுங்கள். இன்னொன்று, அந்த டி.பி.ஓ என்சைம் வேலை செய்யவே இரும்புச்சத்து வேண்டும். தைராய்டு குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகும், மாதவிலக்கு அதிகமானால் இரும்பு குறையும், இரும்பு குறைந்தால் தைராய்டு தடுமாறும். ஒன்றை ஒன்று இழுக்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காய்ச்சலில் இருந்து உடம்பு தேறி வருகிற நாட்களில் டி.எஸ்.எச் தற்காலிகமாக ஏறும். அதனால்தான் ஒரே ஒரு தடவை லேசாக ஏறியிருப்பதை வைத்து யாருக்கும் பெயர் ஒட்டக்கூடாது. உடம்பு நன்றாக இருக்கிற சமயமாகப் பார்த்து, இரண்டு மூன்று மாதம் விட்டு, டி.எஸ்.எச், ஃப்ரீ டி4 இரண்டையும் திரும்ப எடுக்க வேண்டும். டி.எஸ்.எச் நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை உயர்ந்து, பகலில் இறங்குகிற பொருள். அடுத்த முறை காலையில் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த முறையும் அதே நேரம், முடிந்தால் அதே லேப். அப்போதுதான் எண்ணும் எண்ணும் ஒப்பிட முடியும்.

பயோட்டின் விஷயம் முக்கியம், அது ஒரு வைட்டமின். இந்த டெஸ்ட் செய்கிற மிஷின்களில் பல, பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் ஒட்டுப்பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே மிட்டாயின் பயோட்டின் நிறைய மிதந்தால் அது ஒட்டுகிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும், எண் தவறாகிவிடும். டி.எஸ்.எச் உண்மையைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 உண்மையைவிட அதிகமாகவும் காட்டிவிடும். எல்லா மிஷினிலும் இப்படி இல்லை, ஆனால் உங்கள் லேப்பில் எந்த மிஷின் என்று நீங்கள் எங்கே போய்க் கேட்பது? ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மிட்டாயை நிறுத்தச் சொல்லுங்கள். எடுக்கிறவரிடமும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முடிக்கு இரும்புச்சத்து செய்கிறதை அந்த மிட்டாய் செய்யாது என்பது தனி விஷயம்.

குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். அங்கிருந்து அனுப்பினால் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வேலூர் சி.எம்.சி-யில் இதற்கென்றே எண்டோகிரைன் (ஹார்மோன் நோய்) பிரிவு இருக்கிறது. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டி ஏதாவது தட்டுப்பட்டால்தான் ஸ்கேன். ஆன்டிபாடி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

குழந்தை விஷயத்தை நான் மழுப்ப மாட்டேன். ஆன்டி டி.பி.ஓ உள்ள பெண்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மிகப் பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். சுரப்பு சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இருக்கிற பெண்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் பலன் உண்டா என்று பிரிட்டனில் சோதித்தார்கள், 2019-ல் முடிவு வந்தது. கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் குழந்தைப்பேறில் வித்தியாசம் இல்லை. டி.எஸ்.எச் ஏறியிருந்தால் கணக்கு வேறு, கர்ப்பத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் மூன்று மாதம் போல வயிற்றுப் பிள்ளை தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது.

வாலாஜா டீச்சர்:

ஐயா சொன்னதோடு ஒரு பெண்ணாக நான் அனுபவித்ததைச் சேர்க்கிறேன் தங்கச்சி.

எனக்கு ஆன்டி டி.பி.ஓ இருப்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அம்மாவுக்கு தைராய்டு, அதனால் எனக்கும் பார்த்தார்கள். டி.எஸ்.எச் நார்மல். வருஷம் ஒரு டெஸ்ட் என்று ஓடியது. குழந்தை உண்டானது தெரிந்ததுமே டாக்டரிடம் ஆன்டிபாடி விஷயத்தைச் சொன்னேன். பாதிக் கர்ப்பம் வரை மாதம் ஒரு டி.எஸ்.எச் பார்த்தார்கள். ஒரு தடையும் இல்லாமல் பெண் குழந்தை பிறந்தாள்.

யாரும் எனக்குச் சொல்லாதது அதற்குப் பிறகு வந்தது. மூன்று மாதத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கும். பாலாடையில் மருந்து ஊற்றினால் கை நடுங்கிக் குழந்தை கன்னத்தில் சிந்தும். எடை மளமளவென்று இறங்கியது. ராத்திரி தூங்காததால் அப்படித்தான் இருக்கும், பிள்ளை பெற்ற உடம்பு என்றார்கள் வீட்டில். அதன்பின் அப்படியே தலைகீழாக மாறியது. ஆறாவது மாதத்தில் எழுந்திருக்கவே முடியவில்லை, குரல் கரகரத்தது, கால் வீங்கியது, காரணமே இல்லாமல் அழுகை. நான் போன முதல் கிளினிக்கில் மனச்சோர்வு என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். என் அம்மாதான் பிடிவாதமாக டி.எஸ்.எச் பார்க்க வைத்தார். 38.

பிரசவத்துக்குப் பிறகு வருகிற தைராய்டு அழற்சி இது. ஆன்டி டி.பி.ஓ உள்ள பெண்களில் மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குப்படி பாதிப் பேருக்கு வருகிறது. முதலில் சுரப்பி உடைந்து சேமித்து வைத்த ஹார்மோன் கொட்டும், அப்புறம் வற்றிவிடும். பலருக்கு ஒரு வருஷத்தில் தானாகச் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். எனக்கு ஒரு வருஷம் போல மாத்திரை கொடுத்து, டாக்டரே படிப்படியாக நிறுத்தினார். இன்றைக்கு மாத்திரை இல்லை, வருஷ டெஸ்ட் மட்டும் உண்டு.

அதனால் உங்கள் தங்கைக்கு அந்த 284-ன் பயன் இதுதான். அவளுக்குக் குழந்தை பிறந்தபின் படபடப்போ அசதியோ அழுகையோ வந்தால், வீட்டில் யார் என்ன சொன்னாலும் முதலில் தைராய்டு பாருங்கள் என்று கேட்க அவளுக்கு ஒரு காரணம் கையில் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் அவளே நேரில் சொல்லட்டும். பெரியவர்கள் மூலமாகப் போனால் சின்ன விஷயம் ஊர் விஷயமாகிவிடும். "எனக்கு தைராய்டு ஆன்டிபாடி இருக்கு, வருஷம் ஒரு தடவை ரத்தம் பார்க்கணும், தேவைப்பட்டா மாத்திரை போடணும்", இவ்வளவுதான் பேச வேண்டியது. நான் அப்படித்தான் சொன்னேன். அவர் சரி என்று கேட்டுக்கொண்டார். ஆறாவது மாதத்தில் என்னைத் தாங்கியவரும் அவர்தான்.

பாலாறு பையன்:

சாப்பாட்டில் என்ன மாற்றுவது என்று யாரும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் அத்தைக்கு தைராய்டு என்றதும் முட்டைகோஸ், காலிஃபிளவர், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இந்துப்புக்கு மாறிவிட்டார்கள். வாட்ஸப்பில் ஆன்டிபாடியைக் குறைக்கும் பொடி என்று ஒன்று வருகிறது, செலினியம் என்ற தாது கலந்ததாம். வாங்கலாமா?

தொரப்பாடி லேப்காரர்:

தம்பி, இந்துப்பை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அதில் நம் உப்புப் பாக்கெட்டில் சேர்க்கிற அளவுக்கு அயோடின் இல்லை. இந்தியாவில் 1962-லேயே அயோடின் குறைவால் தைராய்டு வீங்கி வருகிற கழுத்துக்கழலையை ஒழிக்கத் தேசியத் திட்டம் போட்டு, அரும்பாடுபட்டு உப்பில் அயோடின் சேர்த்திருக்கிறோம். தைராய்டு என்று சொல்லிக்கொண்டு அதையே விலக்குவது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்காக அயோடின் மாத்திரை, கடல்பாசி மாத்திரை என்று அள்ளிப் போடவும் கூடாது. ஆன்டிபாடி உள்ள சுரப்பிக்கு அளவுக்கு மீறிய அயோடினும் கெடுதல். வீட்டுச் சமையலுக்குச் சாதாரண அயோடின் உப்பு, அவ்வளவு போதும்.

முட்டைகோஸ், காலிஃபிளவர் வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடுகிற அளவில் ஒன்றும் செய்யாது. கம்பில் தைராய்டைத் தடுக்கிற பொருள் இருப்பது உண்மை. சூடானில் அதைக் கண்டது கம்பையே மூன்று வேளையும் உண்டு, அயோடினும் கிடைக்காத மக்களிடம். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுகிற கூழை அத்தை குடிக்கட்டும்.

செலினியம் சில ஆய்வுகளில் ஆன்டிபாடி எண்ணைக் குறைத்திருக்கிறது. ஆனால் எண் குறைந்ததால் சுரப்பி பிழைத்தது என்று நிரூபணம் இல்லை, அதிகமானால் அதுவே நஞ்சு. பொடி வேண்டாம். அத்தை மாத்திரை போடுகிறார் என்றால் கவனிக்க வேண்டியது வேறு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் 4 மணி நேர இடைவெளி. அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட், அதற்கு முன் பார்த்தால் எண் நிலைபெற்றிருக்காது. நம் ஊர் வெயிலில் டப்பாவை ஜன்னல் ஓரத்திலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்கக் கூடாது, மருந்து வீரியம் குறையும்.

பேரணாம்பட்டு அக்கா:

ஆவணி பிறந்துவிட்டது, கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கட்டி இல்லை. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டு வருகிறாள். மிட்டாயை நிறுத்திவிட்டுக் காலையில் ரத்தம் கொடுத்தாள். டி.எஸ்.எச் 5.4, ஃப்ரீ டி4 1.05, ஹீமோகுளோபின் 11.2. முகத்தில் தெளிச்சி வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகளோடு சட்டை கிழிய விளையாடினாள்.

டி.எஸ்.எச் இன்னும் எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனால் கல்யாணம் ஆனதும் குழந்தைக்குத் திட்டமிடுவதாக இருந்தால் முன்கூட்டியே வா, சின்ன அளவில் தொடங்கலாமா என்று அப்போது முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். இரும்பு மாத்திரையை இன்னும் சில மாதம் விடாமல் போடச் சொன்னார். மாப்பிள்ளையிடம் அவளே பேசிவிட்டாள். அவருடைய அக்காவும் இதே மாத்திரை போடுகிறாராம்.

ஐயா, ஒரு சந்தேகம் மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு வாணியம்பாடியில் வேறு லேப்பில்தான் எடுக்க வேண்டி வரும். எண் மாறினால் எப்படிப் புரிந்துகொள்வது?

தொரப்பாடி லேப்காரர்:

ரொம்பச் சந்தோஷம் அம்மா. டாக்டர் சொன்னது சரியான வழி, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

லேப் மாறினால் பரவாயில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த லேப்பின் எல்லை அச்சாகியிருக்கும், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 5.4 என்பது 5.8 ஆகிவிட்டது, 4.9 ஆகிவிட்டது என்று கலங்க வேண்டாம், அந்த அளவு ஆட்டம் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்திலும் இருக்கும். ஃப்ரீ டி4 எல்லைக்குக் கீழே போனாலோ, டி.எஸ்.எச் 10-ஐ நெருங்கினாலோ, மாதவிலக்கு தள்ளிப்போனாலோ அன்றைக்கே டாக்டர். மாதவிலக்கு தள்ளிப்போனால் கர்ப்ப டெஸ்ட்டும் டி.எஸ்.எச்-ம் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம். இதுவரை வந்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து, ஒரு ஃபைலில் போட்டுச் சீரோடு அனுப்புங்கள். போனில் இருப்பது போன் மாறும்போது போய்விடும்.